இரண்டு டேக், நாலு பேர்

எங்கட பக்கத்தில் சாவிக்குத் திறப்பு எண்டுதான் பேர். செய்கிற வேலையே பெயராகிப்போன சொல். கொழும்புக்கு வந்து தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கத் தொடங்கிய பிறகு எங்கள் கோர்வையில் திறப்போடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கட்டைவிரல் அளவில், கண்ணீர்த்துளி வடிவில், நீலநிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று. கீழ்க் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டியில் அதைக் காட்டினால் 'பீப்' எண்டு சத்தம் வரும், கதவு விடும். லிஃப்டுக்குள்ளும் அதைக் காட்டினால்தான் எங்கள் மாடியின் பட்டன் வேலை செய்யும். சிலர் அதை டேக் என்கிறார்கள், சிலர் சிப், சிலர் கார்ட். எங்கள் வீட்டில் டேக்.

இந்த டேக் தானாக ஒன்றையும் திறப்பதில்லை. ஒரு இலக்கத்தைச் சொல்லுகிறது, அவ்வளவுதான். அந்த இலக்கம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக் கதவை விடுவது சுவருக்குப் பின்னால் இருக்கும் வேறொரு பெட்டி. அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கலாம் என்று முடிவெடுப்பது வேறொரு ஆள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் கூட்டாக வீடு எடுத்து இருக்கிற எங்கள் வயதுக்காரர் பலருக்கு இது தெரியவருவது, கதவு விடாத ஒரு இரவில்தான்.

இது அந்த டேக்கைப் பிரதி எடுப்பது பற்றிய கட்டுரை. அதைச் செய்யலாமா கூடாதா என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் ஒரு சொல்லில் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்று கொஞ்சம் விபரமாகச் சொல்லலாம்.

நாலு வாடகை, இரண்டு டேக்

நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி ஹட்டன். ஒருத்தி தனியார் மருத்துவமனையில் தாதி. ஒருத்தி கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சி, மார்ச் மாதம் வந்தால் அவளை வீட்டில் காண்பதே அபூர்வம். ஒருத்தி வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்யும் கம்பனியில், அவளுக்குப் பின்னேரம்தான் காலை. மற்றவள் காலையில் வேலை, இரவில் வகுப்பு. இரண்டு அறை வீட்டின் வாடகையை நாலாகப் பிரித்தால்தான் எங்களுக்குக் கட்டும். வெள்ளவத்தையில் வாடகை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கட்டடத்தின் விதி: ஒரு அறைக்கு ஒரு டேக். இரண்டு அறை வீட்டுக்கு இரண்டு. இதை எழுதியவர்களின் மனதில் ஒரு குடும்பம் இருந்திருக்கும். அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, பிள்ளைகள் அவர்களோடு வருவார்கள், போவார்கள். நாலு இடத்தில் வேலை செய்து நாலு நேரத்தில் வீடு திரும்பும் நாலு பெண்கள் அந்த விதிக்குள் இல்லை. வாடகை கேட்கும்போது நாங்கள் நாலு பேர், டேக் தரும்போது இரண்டு பேர்.

பிறகு நடந்ததெல்லாம் கூட்டு வீட்டில் இருப்பவர்களுக்குப் பழக்கமான கதைதான். 'எப்ப வாறாய்?', 'டேக் ஆரிட்ட?' என்ற இரண்டு கேள்விதான் எங்கள் வட்ஸ்அப் குழுவில் அரைவாசி. டேக்கை டிஷூ பக்கெட்டுக்குள் வைத்து பல்கனியில் இருந்து கீழே போடுவோம். காலி வீதியில் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீயை முக்கால் மணித்தியாலம் குடிப்போம். போன் சார்ஜ் இறங்கிவிட்டால் கீழே நின்று யாராவது வரும்வரை காத்திருந்து, அவர்களுக்குப் பின்னால் நுழைவோம்.

கடைசியில் சொன்னது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஒவ்வொரு மாடியிலும் எங்களைப் போல டேக் போதாத வீடு ஒன்றிரண்டு இருந்தது. அதனால் அந்தக் கட்டடத்தில் எல்லாரும் எல்லாருக்கும் கதவைப் பிடித்துக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். பின்னால் வருகிறவர் யார் என்று பார்ப்பதில்லை, பாவம் டேக் இல்லாத பிள்ளையாக்கும் என்று விட்டுவிடுவார்கள். பாதுகாப்புக்காக டேக்கைக் குறைத்த விதி, முன்பின் தெரியாத ஆளுக்கும் கதவைத் திறந்துவிடும் பழக்கத்தைத்தான் வளர்த்தது.

வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில். போனில் கேட்டோம். "பிள்ளையள், எனக்கும் ரெண்டுதான் தந்தவை. கொமிட்டியோட கதைச்சு நான் களைச்சுப் போனன். நீங்கள் வெளியில ரெண்டு அடிச்சு எடுங்கோ, காசை வாடகையில கழியுங்கோ" எண்டா. வீட்டுக்குச் சொந்தக்காரரே சொல்லிவிட்டார், எடுத்தோம்.

அரை நிமிட வேலை

காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் திறப்பு வெட்டும் சின்னக் கடை. பித்தளைத் திறப்புகள் வரிசையாகத் தொங்கும், ஒரு பக்கம் அரைக்கும் மெஷின், செருப்புத் தைக்கும் ஊசி, போன் கவர். கடை நானா எங்கள் டேக்கை வாங்கி, டிவி ரிமோட்டை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவியில் வைத்தார். ஒரு பட்டனை அழுத்தினார், சத்தம் வந்தது. புது டேக் ஒன்றை வைத்து மற்றப் பட்டனை அழுத்தினார், மறுபடியும் சத்தம். "சரி தங்கச்சி, போய்ப் பாருங்க. வேல செய்யல்லண்டா காசு திரும்பத் தாறன்." அரை நிமிடம்கூட ஆகவில்லை. பித்தளைத் திறப்பு வெட்டுவதற்கு அதைவிட நேரம் போகும்.

அப்படியென்றால் இத்தனை நாளும் எங்களைக் கீழே நிற்க வைத்த பூட்டு என்ன பூட்டு என்று தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

டேக்குக்குள் பற்றரி இல்லை. மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் அதோடு ஒரு சிறு சிப்பும் மட்டும்தான். சுவரில் இருக்கும் பெட்டி எந்நேரமும் ஒரு காந்தப் புலத்தை வீசிக்கொண்டிருக்கும். டேக் கிட்ட வந்ததும் அந்தச் சுருளில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அந்தச் சொட்டு மின்சாரத்தில் சிப் விழித்து, தன் இலக்கத்தைச் சொல்லும். மலிவான டேக்குகள் 125 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அவற்றில் மிகப் பரவலான ஈ.எம்.4100 வகைச் சிப்பில் இருப்பது மொத்தம் 64 பிட். அதில் 40 பிட்தான் இலக்கம், மிச்சம் தொடக்கக் குறியும் பிழை பார்க்கும் பிட்களும். இரகசியச் சொல் கிடையாது. கேட்கிறவர் யார் என்று சிப் விசாரிப்பதில்லை. கட்டடத்தின் பெட்டி கேட்டாலும் அதே இலக்கம், கடை நானாவின் கருவி கேட்டாலும் அதே இலக்கம். சில டேக்குகளில் அந்த இலக்கம் வெளியிலேயே அச்சடித்திருக்கும்.

அசல் டேக்கை மாற்றி எழுத முடியாது. ஆனால் டி5577 போன்ற திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிப்புகள் கடையில் கிடைக்கின்றன. அதில் அந்த இலக்கத்தை எழுதிவிட்டால், சுவரில் உள்ள பெட்டிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு வகை 13.56 மெகாஹேர்ட்ஸில் இயங்குவது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான். வித்தியாசம் பார்க்க ஒரு சின்ன வழி உண்டு: என்.எஃப்.சி இருக்கும் போனும் இதே 13.56 மெகாஹேர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. டேக்கைப் போனின் பின்பக்கம் வைத்துப் பாருங்கள். போன் ஏதாவது சத்தம் போட்டால் அது இந்த வகை. ஒரு அசைவும் இல்லையென்றால் பெரும்பாலும் பழைய மலிவு வகை.

அந்த இரண்டாவது வகையில் பெயர்போனது மைஃபேர் கிளாசிக். 1994இல் சந்தைக்கு வந்தது. இதற்குள் இரகசியத் திறப்பும் குறியாக்கமும் உண்டு. அந்தக் குறியாக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கம்பனி வெளியே விடாமல் வைத்திருந்தது, அந்த மூடுமந்திரமே பாதுகாப்பு என்று நம்பினார்கள். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹக்கர்களின் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளட்ஸ் என்ற இருவர், சிப்பை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து அந்தக் குறியாக்கத்தை வாசித்த கதையைச் சொன்னார்கள். அடுத்த வருடம் நெதர்லாந்தின் ரட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை முழுதாக உடைத்துக் காட்டினார்கள். சிப்பைத் தயாரிக்கும் என்.எக்ஸ்.பி நிறுவனம், ஆய்வை வெளியிடக்கூடாது என்று நீதிமன்றம் போனது. 2008 ஜூலையில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. லண்டன் மாநகரின் பஸ், ரயில் அட்டையான ஒய்ஸ்டர் அந்த நேரம் இதே சிப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிரதி எடுக்கக் கடினமான டேக் இல்லாமல் இல்லை. டெஸ்ஃபயர் போன்ற புதிய சிப்புகளில் உள்ளே இருக்கும் இரகசியம் ஒருபோதும் வெளியே வராது. பெட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கணக்கைக் கொடுக்கும், இரகசியம் தெரிந்த சிப்தான் சரியான விடையைச் சொல்லும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த விடை அடுத்த தடவைக்கு உதவாது. அதை வைத்து ஒழுங்காக அமைத்த கட்டடத்தின் டேக்கைக் கொண்டுபோனால் கடை நானா கையை விரித்துவிடுவார். ஆனால் அது விலை கூட. கட்டடம் கட்டுகிறவர்கள் கடைசியாகக் காசு மிச்சம் பிடிக்கும் இடங்களில் கதவும் ஒன்று.

கதவைப் பற்றி இன்னொரு விஷயம். இப்படியான கதவுகள் பலவற்றில் இருப்பது மின்காந்தப் பூட்டு. கரண்ட் இருக்கும் வரைக்கும்தான் அது பிடித்துக்கொண்டிருக்கும். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள், அது நியாயம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாத, மாற்றுப் பற்றரியும் இறங்கிப்போன கட்டடங்களில் இப்படியான கதவுகளால் ஆட்களை மறிக்க முடியாது. அங்கே காவல் என்று மிஞ்சுவது வாசலில் நிற்கும் மனிதர்தான்.

ஒரே இலக்கம், இரண்டு ஆட்கள்

பிரதி எடுத்த பிறகு ஏழெட்டு மாதம் எங்கள் வாழ்க்கை சுகமாகப் போனது. நாலு பேரும் நினைத்த நேரம் போனோம், வந்தோம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று திறப்பு இல்லாமல் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரில் வீட்டுக்குப் போனால் கதவு எப்போதும் திறந்திருக்கும், யாராவது உள்ளே இருப்பார்கள். அறையெடுத்துத் தங்கிய இடங்களில் இரவு எட்டு மணிக்குப் பிறகு அன்ரி கேற்றைப் பூட்டிவிடுவா. தன் கையால் கதவைத் திறந்து, யாருக்கும் காரணம் சொல்லாமல் உள்ளே போவது எங்கள் நாலு பேருக்கும் இந்த வீட்டில்தான் முதல்தடவை.

ஆனால் பிரதியில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. பிரதிக்குப் புது இலக்கம் கிடைப்பதில்லை. இரண்டு ஆட்கள் ஒரே இலக்கத்தில் நடமாடுகிறார்கள். பித்தளைத் திறப்பு யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று ஞாபகம் வைத்திருக்காது. இந்தப் பெட்டி வைத்திருக்கும். இலக்கம், கதவு, திகதி, நேரம், எல்லாம் ஒரு வரியாகப் பதியும்.

கட்டடத்துக்குப் புதிதாக வந்த முகாமையாளர் ஒருவர் அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு இலக்கம் லிஃப்டில் ஏறிய அடுத்த நிமிடமே கீழ்க் கதவையும் திறந்திருக்கிறது. ஒரு ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த இலக்கத்தை வெட்டிவிட்டார். எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. இலக்கத்தை வெட்டினால் அசலும் போகும், பிரதியும் போகும். ஆகவே அன்றிரவு இரண்டு பேர் வெளியில். ஒருத்தி பத்தரை மணிக்கு வேலை முடிந்து, தாதிச் சீருடையோடு வந்து நின்றவள்.

வாசலில் இருந்த செக்கியூரிட்டி ஐயா பதுளைப் பக்கத்து ஆள். ஒன்றரை வருடமாக எங்கள் முகம் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பொங்கல் சாப்பிட்டவர். "மகள், லிஸ்ட்ல இல்லாதவங்கள உள்ள விட்டா என் வேலை போயிரும்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேசைக்குக் கீழே இருந்த பட்டனை அழுத்திவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒண்ணும் பாக்கல்ல. போங்க."

எங்களுக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். நாங்கள் வாடகை கட்டும் வீட்டுக்கு நாங்கள் போவதற்காக, எங்களைவிடக் குறைந்த சம்பளம் எடுக்கும் ஒரு மனிதர் தன் வேலையைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

அடுத்த கிழமை கொமிட்டிக்குக் கடிதம் எழுதினோம். நாலு பேர் இருக்கிறோம், நாலு பெயரில் நாலு டேக் வேண்டும், காசு நாங்களே கட்டுகிறோம். கூப்பிட்டுக் கதைத்தார்கள்.

கொமிட்டித் தலைவர் அங்கிள் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பயத்தில் நியாயமும் இருந்தது. முந்தின வருடம் ஒரு வீட்டில் மடிக்கணினி களவு போயிருக்கிறது. யார் யாரிடம் பிரதி இருக்கிறது என்றே தெரியாத கட்டடத்தில் கதவு இருந்து என்ன பயன் என்று கேட்டார். சரியான கேள்வி. எங்களுக்கு முதல் அந்த வீட்டில் இருந்தவர்களும் பிரதி எடுத்திருக்கலாம், அவர்கள் அதை வீட்டை விடும்போது திருப்பித் தந்திருப்பார்களா? நாங்களும் ஒரு கேள்வி கேட்டோம்: வீடு விட்டுப் போனவர்களின் இலக்கங்களை எப்போது வெட்டுவீர்கள்? முகாமையாளர் கணினியைத் திறந்து பார்த்தார். போனவர்களின் இலக்கமெல்லாம் அப்படியே உயிரோடு இருந்தது. அங்கே இருக்கிற எங்களுக்கு இலக்கம் இல்லை, எப்போதோ போனவர்களுக்கு இருந்தது.

அதன்பிறகு ஒரு படிவம் தந்தார்கள். அடையாள அட்டைப் பிரதி, சொந்த ஊர் முகவரி, பெற்றோர் விபரம், வேலையிடம், கிராம சேவகர் கடிதம், பொலிஸ் அறிக்கை. நாலு டேக்குக்கு இவ்வளவும்.

அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. வெள்ளவத்தையில் வீடு எடுக்கப் போகிறோம் என்று சொன்னபோது எங்கள் வீடுகளில் அம்மா அப்பா முதலில் கேட்டது வாடகை எவ்வளவு என்று இல்லை. பொலிஸ் பதிவு செய்தாச்சா என்றுதான். அவர்களுக்கு அந்த ஊர் அப்படித்தான் ஞாபகம். யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்ற பட்டியல் பொலிசில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு மச்சான் இரவு தங்கினால் விடியும்வரை ஒருவரும் நித்திரை கொள்வதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, கொழும்பில் தங்கச் சரியான காரணம் இல்லை என்று சொல்லி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்காலத் தடை போட்டது. சில நாட்களில் பிரதமரே வருத்தம் தெரிவித்தார்.

ஒரு தொடர்மாடிக் கொமிட்டியையும் அந்த விடியப்புறத்தையும் நாங்கள் ஒன்றாக நிறுக்கவில்லை. அங்கிளே எண்பத்து மூன்றில் கொழும்பை விட்டு ஓடித் திரும்பி வந்தவர், அவரே சொன்னார். ஆனால் எங்கட ஆட்களுக்குப் பட்டியல் என்றால் இரண்டு பயம். அதில் இல்லாவிட்டால் பயம், இருந்தாலும் பயம். பிரதி டேக்கில் எங்களுக்கு ஒரு மறைமுகமான நிம்மதி இருந்தது என்பதும் உண்மை. கதவு திறக்கும், எங்கள் பெயர் எங்கும் இராது. ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. தீப்பிடித்தால், நிலநடுக்கம் வந்தால், யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று எண்ணும்போது அந்த வீட்டில் இரண்டு பேர் என்றுதான் எண்ணுவார்கள். எங்களில் ஒருத்திக்கு ஏதாவது நடந்தால், 'அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை' என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்டது இதுதான். எங்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும், ஆனால் தேவையான அளவுக்கு மட்டும். பெயர், தொலைபேசி இலக்கம், அவசரத்துக்கு ஒருவருடைய இலக்கம். அடையாள அட்டையைக் காட்டுகிறோம், பிரதி தரமாட்டோம். எங்கள் ஊர் எது என்பது கதவுக்குத் தேவையில்லை. பொலிஸ் அறிக்கை எல்லாரிடமும் கேட்கிறீர்களா, அல்லது வாடகைக்கு இருப்பவர்களிடம் மட்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு அந்த வரியை அங்கிள் தானே பேனையால் வெட்டிவிட்டார்.

கதவில் பதியும் நேரங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யார் பார்க்கலாம் என்றும் கேட்டோம். அதற்கு அங்கே ஒருவரிடமும் பதில் இல்லை. ஒரு பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்ற விபரம் யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. நியூயோர்க் நகரம் இப்படியான கட்டடங்களுக்கென்றே 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கதவுப் பதிவுகளை 90 நாளுக்குள் அழிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. எங்கள் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. என்ன நோக்கத்துக்குத் தகவல் எடுக்கிறீர்களோ அதற்குத் தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும், தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போடப்பட்டது வேறு கதை. சட்டம் வரும்வரை கேட்கக்கூடாது என்று ஒன்றும் இல்லை.

கடைசியில் நாலு டேக் கிடைத்தது, நாலு பெயரில். பழைய இரண்டு இலக்கமும் வெட்டப்பட்டது, அவற்றோடு எங்கள் பிரதிகளும். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்வி இன்னும் கொமிட்டியின் மேசையில் கிடக்கிறது. கூட்டத்துக்குக் கூட்டம் ஞாபகப்படுத்துகிறோம்.

வீடு எடுக்க முதல்

பிரதி எடுப்பதைக் களவு என்று சொல்பவர்களோடு நாங்கள் முழுதாக உடன்படவில்லை. மற்றவரின் டேக்கை அவருக்குத் தெரியாமல் பிரதி எடுப்பது களவுதான், அதில் கதையில்லை. ஆனால் தான் வாடகை கட்டும் வீட்டுக்கு, சொந்தக்காரர் சம்மதிக்க, இன்னொரு டேக் அடிப்பவர்களைக் குற்றவாளியாகப் பார்க்கும் கட்டடம், முதலில் தன் விதியைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு டேக் கொடுக்கும் கட்டடத்தில் பிரதிக்கு வேலையே இல்லை. தொலைந்தால் அந்த ஒரு இலக்கத்தை மட்டும் வெட்டலாம், மற்ற மூன்று பேர் வீட்டுக்குப் போவார்கள். இது கட்டடத்துக்கும் நல்லது.

புதிதாக வீடு தேடும் தோழர்களுக்கு நாங்கள் சொல்வது: அட்வான்ஸ் கொடுக்க முதல், தண்ணி வருமா, கரண்ட் பில் யார் பெயரில் என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள். எத்தனை டேக் தருவீர்கள்? எங்களுக்கு முதல் இருந்தவர்களின் இலக்கங்களை வெட்டியாச்சா? தொலைந்தால் புதிதுக்கு எவ்வளவு, எத்தனை நாளில்? அதுவரை எப்படி உள்ளே வருவது? டேக்கை வெட்டுவதானால் முதலில் எங்களுக்குச் சொல்வீர்களா? கதவுப் பதிவுகளை யார் பார்ப்பார்கள்? பதிலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு இரவு பதினொரு மணிக்கு உதவாது.

இதைக் கேட்டால் புரோக்கர் உங்களைக் கொஞ்சம் ஒரு மாதிரிப் பார்ப்பார். வாடகைக்கு வாற பிள்ளையளுக்கு இவ்வளவு கதையா என்று நினைப்பார். நினைக்கட்டும். வாடகை கட்டுவது எத்தனை பேரோ, அத்தனை டேக். இதில் கெஞ்சிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை.